எந்த நிமிஷம், எந்த செகண்ட்?

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் நம் கரையோரத்தில் கல்யாணம் இங்கே நடக்கும். வீடியோவைப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டியவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவரிடம் அதைக் காட்டித் திருத்தம் வாங்குவது எப்படி என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். சேலையின் ஜரிகையெல்லாம் கலங்கிப்போய், "கேமராவே சரியில்லை" என்ற பேச்சு வரும். அதனால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பேன். பார்த்துத் திருத்தம் சொல்ல 4கே என்ற மிக உயர்ந்த தரம் எதற்கு? 720பி, செகண்டுக்கு 5 மெகாபிட் வைத்தால் 20 நிமிஷப் படம் ஏறக்குறைய 750 எம்பிதான். ஏற்றிய கையோடு லிங்க்கை அனுப்பிவிடாதீர்கள். டிரைவ் உள்ளுக்குள் தயார் செய்துகொண்டிருக்கும்போது திறந்தால் மங்கலாகத் தெரியும்.

கீழக்கரைப் பக்கம், பெண்கள் இருக்கும் காட்சிகள் வெளியே போகக் கூடாது என்பதில் பல வீடுகளில் கறாராக இருப்பார்கள். நியாயம்தான். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டு, அது ஒரு குடும்ப குரூப்பில் விழுந்தால் போதும், ஊரே பார்த்துவிடும். யூடியூபில் தேடலில் வராத 'அன்லிஸ்டட்' வீடியோவாகப் போட்டாலும் இதே கதைதான். பார்க்க வேண்டியவரின் ஜிமெயிலை வாங்கி அவருக்கு மட்டும் திறந்து, டவுன்லோடை அடைத்துவிடுங்கள். இன்னொரு போனை வைத்துத் திரையைப் படமெடுப்பதை யாரால் தடுக்க முடியும்? அதற்காக அவர் பெயரையே படத்தின் மேல் மெல்லிசாகப் போட்டுவிடுவேன். தன் பெயர் தெரிகிற படத்தை யாரும் லேசில் அடுத்தவருக்குத் தள்ளமாட்டார்கள்.

வேலையைத் தின்பது திருத்தம்தான். ராத்திரி ஒரு வாய்ஸ் நோட் வரும்: "தம்பி, மாப்பிள்ளை வர்ற இடம் இழுக்குது, குறைச்சிருங்க. அந்தப் பாட்டும் வேணாம். மாமி வரவே இல்லியே?" மாப்பிள்ளை படம் முழுக்க வந்துகொண்டேதான் இருக்கிறார், எந்த இடம்? மாமி யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் அமீரகத்தில் வாட்ஸ்ஆப் கால் எடுபடாது.

அதனால் எடிட் செய்ததை வீடியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் போடும்போதே மூலையில் நேரம் ஓடும்படி வைத்துவிடுங்கள். "07:42, இங்கே வெட்டணும்" என்று அவர் சொன்னால் போதும். வாய்ஸ் நோட்டாக இருந்தாலும் முதலில் எண், பிறகு பேச்சு. மாமி யாரென்று காட்ட, ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் அவரை வட்டம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். படத்தை நிறுத்திய ஃபிரேமிலேயே கருத்து எழுத ஃபிரேம்.ஐஓ என்ற இணையச் சேவை இருக்கிறது, அடோபி நிறுவனம் 2021-இல் வாங்கியது. கம்பெனி வேலைக்கு அருமை. மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் போய் அதைத் திறக்கச் சொல்ல முடியுமா?

திருத்தங்களைப் படத்தின் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் செய்யுங்கள். மூன்றாவது நிமிஷத்தில் பத்து செகண்ட் வெட்டினால், அதற்குப் பிறகு அவர் சொன்ன நேரமெல்லாம் நகர்ந்துவிடும். நேரத்துக்குப் பக்கத்தில் 'வி1', 'வி2' என்று எத்தனையாவது வெர்ஷன் என்பதைப் போட்டுவைத்தால், பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு மச்சான் சொல்லும் திருத்தத்தையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். மச்சான் சொல்வதைச் செய்ய வேண்டுமா என்பதை மாப்பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும். கடைசிச் சொல் ஒருவருடையது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றிய திருத்தத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். "கடல் ஏன் பச்சையா இருக்கு, நீலமாக்குங்க" என்பார்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பல இடங்களில் பச்சையாகத்தான் தெரியும். அவர் போனில் ராத்திரிக்கான மஞ்சள் வெளிச்சம் வேறு ஓடிக்கொண்டிருக்கலாம். லேப்டாப்பில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் "வி3 ஓகே" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் வந்த பிறகு பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டு முழுத் தரத்தில் ரெண்டர் போடலாம். அவ்வளவு பெரிய ஃபைலை நெட்டில் ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டாம். சொந்தக்காரர் யாராவது சீக்கிரமே மதுரையில் ஃபிளைட் ஏறுவார். பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.