பாத்ரூம் சிலிக்கான் ஓரத்தில் கறுப்பா? அந்த ஆசிட் பாட்டிலைக் கீழே வையுங்கள்!

வணக்கம் மக்களே! பாத்ரூமுக்குள் விஷவாயு தயாரிக்க என்னென்ன வேண்டும் தெரியுமா? காலையில் "ஆசிட்… பினாயில்… பிளீச்சிங் பவுடர்…" என்று கூவிக்கொண்டு தெருவில் ஒரு வண்டி வருகிறதே, அதில் முதலாவதும் மூன்றாவதும் போதும். பினாயில்கூடத் தேவையில்லை. எப்படி என்று வீடியோவின் நடுவில் சொல்கிறேன், ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள்.

முதலில் இதைப் பாருங்கள்.

(க்ளோசப்: வாஷ்பேசினும் சுவரும் சேரும் மூலை)

பேசின் ஓரத்திலும் ஷவர் கண்ணாடி அடியிலும் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதே, அதுதான் சிலிக்கான் சீலன்ட். அதன்மேல் கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன், ஒரு புள்ளிகூட அசையவில்லை.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க வேண்டுமென்றால் வைகை அணையைத் திறந்துவிட வேண்டிய ஊர் இது. ஆறே காய்ந்து கிடக்கிறது, நம்ம பாத்ரூம் மட்டும் காயமாட்டேன் என்கிறது! காரணம் வேறொன்றுமில்லை. கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரைப் பிளாஸ்டிக் ஷீட் வைத்து அடைத்திருப்போம்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். இந்தக் கறுப்புப் புள்ளிகள்தான் பூஞ்சை. அது சிலிக்கானைத் தின்பதில்லை. அதன்மேல் படியும் சோப்பும் உடம்பு எண்ணெயும்தான் அதற்குச் சாப்பாடு. பாத்ரூமுக்கென்று விற்கும் சிலிக்கானில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது நாளாக ஆகத் தண்ணீரோடு போய்விடும். இணையத்தில் மிரட்டுகிறார்களே ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சை என்று, அது ஈரமான காகிதம், ஜிப்சம் போர்டு மாதிரி செல்லுலோஸ் உள்ள இடத்தைத் தேடிப் போகும். சிலிக்கானில் பெரும்பாலும் வருவது கிளாடோஸ்போரியம், ஆரியோபாசிடியம் வகையறா. அதற்காக அலட்சியமாக இருக்க வேண்டாம், ஆஸ்துமாக்காரர்களுக்கு இதுவும் தொந்தரவுதான். சரி, பாடம் முடிந்தது.

இப்போது ஆசிட் கதைக்கு வருவோம்.

மதுரையில் போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் டைல்ஸ் முழுக்க வெள்ளையாக உப்புக்கறை. அதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த ஒரே மருந்து ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றினால் 'ஸ்ஸ்' என்று நுரைக்கும், பார்க்கிறவருக்குப் பரம திருப்தி. ஆனால் அந்த நுரை முழுக்கக் கறை கரைவதால் வருவதில்லை. டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்ட்டும் சேர்ந்து கரைகிறது. அடுத்த மாதம் அந்த இடுக்கைக் கையால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று குழி குழியாக இருக்கும். அழுக்கும் பூஞ்சையும் குடியேற அதைவிட நல்ல இடம் கிடையாது. காசு கொடுத்து நாமே வீடு கட்டிக் கொடுக்கிறோம்!

உண்மையான ஆபத்து அதற்கு அப்புறம். ஆசிட் ஊற்றியும் சிலிக்கானில் கறுப்பு போகவில்லை என்றதும், "பிளீச்சிங் பவுடரையும் கொஞ்சம் போடு" என்று யாராவது யோசனை சொல்வார். இரண்டும் சேர்ந்த உடனே குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் இப்ரே என்ற ஊருக்குப் பக்கத்தில், ஜெர்மன் படை சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கனம். அதனால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பதுங்குகுழிக்குள் இறங்கியது. இப்போது யோசியுங்கள். ஐந்துக்கு ஐந்து பாத்ரூம், வென்டிலேட்டர் அடைப்பு, கதவும் சாத்தியாச்சு, நம் அக்கா தரையில் குத்த வைத்து உட்கார்ந்து தேய்க்கிறார். அவர் மூக்கு எங்கே இருக்கிறது? வாயு எங்கே இருக்கிறது?

கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ, "தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்" என்று நிற்காதீர்கள். எல்லாவற்றையும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுங்கள். மூச்சு வாங்குவது நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாய்லெட் கிளீனர் பலவற்றில் இருப்பதும் இதே அமிலம்தான். வினிகர், எலுமிச்சம்பழம் எல்லாம் இதே கணக்கு, பிளீச்சோடு சேரக் கூடாது. சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்க வைக்கும் வீடியோக்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. அதில் ஆபத்து இல்லை, ஆனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அது நம் போரிலேயே வருகிறதே!

சரி, செய்ய வேண்டியது இதுதான். வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ பிளீச் வாங்குங்கள், லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதன் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். முந்தின நாளே சோப்புத் தண்ணீரில் கழுவி, சிலிக்கானை நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின்மேல் வைத்தால் பிளீச் நீர்த்துப்போகும்.

(க்ளோசப்: கையுறை போட்ட விரல்கள் டிஷ்யூ பேப்பரைத் திரிக்கின்றன)

சும்மா தெளித்தால் வழிந்து ஓடிவிடும், அதனால்தான் இந்தத் திரி. டிஷ்யூ பேப்பரை விளக்குத் திரி கனத்துக்கு உருட்டி, பிளீச்சில் நனைத்து, சிலிக்கான் கோட்டின் மேலேயே வையுங்கள். பழைய டூத்பிரஷ் காம்பால் மூலையில் அழுத்துங்கள், இடைவெளியே இருக்கக் கூடாது. மேலே சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை (க்ளிங் ராப்) ஒட்டிவிட்டால் திரி காயாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், நல்ல சட்டை போடாதீர்கள். சில மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவினால் கறுப்பு வெளுத்திருக்கும். பிடிவாதமான கறை என்றால் இன்னொரு தடவை. உப்புக்கறையை வேறொரு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியும் போகவில்லையா? விரலால் தடவிப் பாருங்கள். மேலே வழவழவென்று இருந்து, கறுப்பு உள்ளே தெரிந்தால், பூஞ்சை சிலிக்கானுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே பிளீச் எட்டாது, பிளேடுதான் எட்டும். பழையதை அறுத்து, சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முழுசாகக் காயவிட்டுப் புதுசு போட வேண்டும். பழையதன் மேலேயே புதுசைப் பூசிவிட்டுப் போகும் பிளம்பர் அண்ணன்களை மட்டும் நம்பாதீர்கள், சிலிக்கான் மேல் சிலிக்கான் ஒழுங்காக ஒட்டாது. பூசியதும் வினிகர் வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், சில சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். 24 மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்கட்டும். ஒரே பாத்ரூம் உள்ள வீடு என்றால், மாமியார் வீட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்துப் பூசுங்கள்.

ஆசிட் இல்லாமல் உப்புக்கறையை எடுப்பது தனி வீடியோ. வில்லாபுரம், திருநகர், ஆனையூர், எந்த ஏரியாவாக இருந்தாலும், உங்கள் போர் தண்ணீர் எப்படி என்று கமெண்ட்டில் போடுங்கள். ரொம்பப் புலம்புகிற ஏரியாவுக்கு முதலில் வருகிறேன்.