காலியாக இல்லாத குமிழ்

[காட்சி: சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஒரு கட்டுச் சிவப்புத் தண்டுக்கீரை]

காலையில் தேக்கா சந்தையில் வாங்கி, மேசை மீதே மறந்துவிட்ட கீரைக்கட்டு மாலைக்குள் துவண்டுவிடும். தண்டின் அடியைச் சற்று நறுக்கி நீரில் நிறுத்தி வைத்தால், அது பெரும்பாலும் மீண்டும் நிமிர்ந்துவிடும். அதே கீரையைக் கொதிநீரில் இட்டாலோ நீர் சிவந்துபோகும். இவை அனைத்திற்கும் பின்னால் இருப்பது உயிரணுவுக்குள் உள்ள நுண்குமிழ்.

நம் மாணவர்கள் பள்ளியில் இதை ‘வாக்குவோல்’ என்று படிக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் துஜார்தன் 1841-இல் வழங்கிய இப்பெயர், ‘வெறுமை’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இலங்கைப் பாடநூல்களும் அதே பொருளில் ‘புன்வெற்றிடம்’ என்கின்றன. பழைய நுண்ணோக்கிகளில் அது வெற்றிடமாகத் தெரிந்ததால் வந்த பெயர் இது. நுண்குமிழ் என்ற சொல்லே இதற்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

[காட்சி: நுண்ணோக்கியின் கீழ் சிவப்பு வெங்காயத் தோல்]

வெங்காயத்தின் ஊதாநிறத் தோலை மெல்லிய படலமாக உரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரியும் உயிரணுக்களை ஊதா நிறம் ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பியிருக்கும். அந்நிறம் நுண்குமிழுக்குள் இருக்கும் சாற்றுக்கு உரியது. முதிர்ந்த தாவர உயிரணுவின் கொள்ளளவில் 90 விழுக்காடு வரை இக்குமிழே பிடித்துக்கொள்ள, உயிரணுவின் மற்ற பகுதிகள் சுவரோரமாக மெல்லிய அடுக்காக ஒதுங்கிவிடுகின்றன.

இப்போது ஒரு சொட்டு உப்புநீரை விடுவோம். குமிழிலிருந்து நீர் வெளியேற, ஊதாப் பகுதி சுவரைவிட்டு விலகிச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க நிறமும் அடர்கிறது. உடனே நல்ல நீரால் கழுவினால் குமிழ் மீண்டும் விரிந்து சுவரை அழுத்தும். எலும்பில்லாத கீரைத்தண்டை நிமிர்த்தி நிறுத்துவது இந்த அழுத்தமே. கொதிநீரில் சவ்வுகள் சிதைந்துவிடுவதால், உள்ளே அடைபட்டிருந்த சிவப்புச் சாயம் வெளியே கசிகிறது.

அன்னாசிச் செடி இக்குமிழை இரவுக் கிடங்காகப் பயன்படுத்துகிறது. பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் வீணாகும் என்பதால், அது இரவில் கரியமில வாயுவை உள்ளிழுத்து, மாலிக் அமிலமாக மாற்றிக் குமிழுக்குள் சேமித்து, பொழுது விடிந்தபின் அதை எடுத்து உணவு தயாரிக்கிறது.

[காட்சி: குளத்து நீர்த்துளியில் பாரமீசியம்]

ஒற்றை உயிரணுவான பாரமீசியத்திற்கோ நேரெதிரான சிக்கல். நன்னீரில் வாழும் அதன் உடலுக்குள் நீர் ஓயாமல் நுழைந்துகொண்டே இருக்கும். தடுக்கத் தாவரத்திற்குள்ளது போன்ற உறுதியான சுவரும் இல்லை. ஆகவே, அதன் சுருங்கும் நுண்குமிழ் நட்சத்திர வடிவக் கால்வாய்களின் வழியே மிகுதியான நீரைத் திரட்டி, விட்டுவிட்டு வெளியே தள்ளுகிறது. இல்லாவிட்டால் அது வெடித்துவிடும்.

நம் உடலின் உயிரணுக்களில் பெரிய நிரந்தரக் குமிழ் கிடையாது. தேவைக்கேற்பத் தோன்றி மறையும் சிறு குமிழ்கள் மட்டுமே உண்டு. கிருமியை விழுங்கும் வெள்ளையணு அதை அத்தகைய குமிழில் அடைத்தே செரிக்கிறது.

[காட்சி: சிவப்பணுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணி]

சிங்கப்பூர் மலேரியா அற்ற நாடாக 1982-இல் சான்றளிக்கப்பட்டது. அந்நோயின் ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தன் செரிமானக் குமிழில் இட்டுச் சிதைத்து உண்கிறது. அப்போது மிஞ்சும் ஹீம் என்னும் பொருள் ஒட்டுண்ணிக்கே நஞ்சு என்பதால், அதைத் தீங்கற்ற படிகமாக மாற்றிவிடுகிறது. குளோரோகுயின் மருந்து அக்குமிழுக்குள் குவிந்து, படிகமாவதைத் தடுத்து, ஒட்டுண்ணியை அதன் நஞ்சாலேயே கொல்கிறது. மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணிகளில் அதே குமிழின் சவ்விலுள்ள ஒரு புரதம் மாறியிருக்கிறது. உள்ளே வரும் மருந்தை அப்புரதம் வெளியே கடத்திவிடுகிறது.