நிறுவனம் உங்களுடையது, அதன் பணம் யாருடையது?

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று மனத்தைவிட்டு அகலவே இல்லை. அதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். "ஐயா, சிறிய தனியார் நிறுவனம் நடத்துகிறேன். பங்குகள் முழுவதும் என் பெயரிலும் மனைவி பெயரிலும்தான். கார், கைப்பேசி, நல்ல உடைகள், குடும்பத்தோடு போகும் வெளிநாட்டுப் பயணம் இவற்றை நிறுவனச் செலவாக எழுதலாமா? நிறுவனமே என்னுடையதுதானே?"

கடைசி வாக்கியத்திலேயே நான் நின்றுவிட்டேன். அயர்லாந்தில் மக்காரா என்றொரு நிலவுடைமையாளர் இருந்தார். தம் நிலத்து மரத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றார். அந்த நிறுவனத்தின் பங்குகள் அவரிடமும் அவர் சார்பில் பங்கு வைத்திருந்தவர்களிடமும்தான் இருந்தன. மரத்துக்குக் காப்பீடும் எடுத்தார், ஆனால் சொந்தப் பெயரில். தீயில் மரம் எரிந்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. 1925இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபையும் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. எரிந்தது நிறுவனத்தின் மரம், அவர் கையில் இருந்தது பங்கு மட்டும்தான். நண்பரே, மரத்துக்குச் சொன்ன நியாயம்தான் உங்கள் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கும்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். நிறுவனத்தைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். அது சம்பளமாக இருக்கலாம், லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையாக இருக்கலாம், நீங்கள் முன்பு கொடுத்த கடன் திரும்பி வருவதாக இருக்கலாம், வேலைக்காகக் கைக்காசு போட்டதை ஈடுசெய்வதாக இருக்கலாம். பெயர் இல்லாமல் போன பணத்துக்குப் பின்னால் வரி அதிகாரி ஒரு பெயர் வைப்பார். அது உங்களுக்குப் பிடித்த பெயராக இருக்காது.

உடைக்கு வருகிறேன். பிரிட்டனில் ஒரு பெண் வழக்குரைஞர் நீதிமன்றத்துக்கு அணியும் கறுப்பு உடைகளின் செலவைத் தொழில் செலவாக வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கக் கேட்டார். தொழில் இல்லையென்றால் அவற்றை வாங்கியிருக்கவே மாட்டேன் என்றார், அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆனாலும் 1983இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. உடல் குளிராமல் இருக்கவும் நாகரிகமாக இருக்கவும் மனிதருக்கு உடை வேண்டும், அந்தத் தேவையும் அந்த உடையிலேயே நிறைவேறிவிடுகிறது என்பது காரணம். அவருக்கே அனுமதி இல்லை என்றால், வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது போடும் சட்டைக்கு என்ன வாதம் மிச்சம் இருக்கிறது? இந்தியாவின் 1961 வருமான வரிச் சட்டமும் இதே வழியில்தான் போனது. செலவு முழுவதும் தொழிலுக்காக மட்டுமே ஆகியிருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது என்றது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை.

கார் வேறு. நிறுவனம் கார் வாங்கலாம், உங்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் சொந்தப் பயன்பாடு உங்களுக்குக் கிடைத்த சலுகை, அது உங்கள் வருமானத்தில் சேரும். தேதி, போன இடம், போன காரணம், ஓடிய தூரம் நான்கையும் அன்றன்றே குறித்துவையுங்கள். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதும் குறிப்பேட்டுக்கு மதிப்பில்லை. குடும்பப் பயணத்தின் நடுவில் ஒரு வாடிக்கையாளரைச் சந்தித்துவிட்டால் பயணம் முழுவதும் தொழிலாகிவிடாது. கைப்பேசி சிறிய விஷயம், இணைப்பை நிறுவனத்தின் பெயரில் எடுங்கள், போதும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுச் செலவு முழுவதையும் ஆண்டுக்கணக்கில் நிறுவனத்தில் எழுதிவந்தார். எவரும் கேட்கவில்லை. பிறகு விரிவாக்கத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். கணக்கில் லாபமே இல்லை. "உண்மையில் நல்ல லாபம்" என்று வாயால் சொன்னார், வங்கி காகிதத்தைத்தான் பார்த்தது. எனக்கு அது உண்மையாகவே வலித்தது, அவ்வளவு நல்ல உழைப்பாளி அவர். வரிவிகிதம் 30 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாயைச் செலவாக எழுதினால் வரியில் மிச்சமாவது முப்பது, மீதி எழுபது கையைவிட்டுப் போனதுதான். அந்த முப்பதுக்காகத் தம் நிறுவனத்தை ஏழையாகக் காட்டிவிட்டார்.

அதனால் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு. "என் உழைப்புக்கும் முதலீட்டுக்கும் நிறுவனத்திலிருந்து பணத்தை எந்த வழியில் எடுத்துக்கொள்வது?" என்று கேளுங்கள். முதலில் உங்களுக்கு ஒரு மாதச் சம்பளம் நிர்ணயித்து, தீர்மானம் எழுதி, வரி பிடித்து எடுங்கள். லாபம் வந்தால் ஈவுத்தொகை அறிவியுங்கள். வீட்டுச் செலவு அந்தப் பணத்திலிருந்து போகட்டும், அதைப் பற்றி யாரும் உங்களிடம் கணக்குக் கேட்க முடியாது.

"கடனாக எடுத்துக்கொள்கிறேன்" என்று இப்போதே சிலர் நினைப்பீர்கள். இந்தியாவில் இத்தகைய தனியார் நிறுவனம், 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் கடன் கொடுத்தால், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை ஈவுத்தொகையாகவே கருதி வரி விதிக்கலாம். கடன் கொடுப்பது தொழிலின் கணிசமான பகுதியாக உள்ள நிறுவனம் அந்தத் தொழிலின் வழக்கப்படி கொடுத்த கடனுக்கு விலக்கு உண்டு. பெயர் வேண்டும் என்றேன், அந்தப் பெயர் உண்மையாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்திருந்தால், ஆண்டுக் கணக்கை முடிப்பதற்கு முன்பே உங்கள் பட்டயக் கணக்காளரிடம் சொல்லிவிடுங்கள்.