திரும்ப மறுக்கும் இளங்குதிரை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை கலைந்த சில வாரங்களில், குதிரையேற்றம் கற்றுத்தரும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். சந்தையில் நின்ற இளங்குதிரையின் அழகில் மனத்தைப் பறிகொடுத்து வாங்கி வந்திருப்பார்கள். ஏறி அமர்ந்தால் நேராகப் போகிறது, வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் சாய்ந்துகொண்டு வாசலை நோக்கியே போகிறது என்பார்கள். கடைசியில், "ரொம்பப் பிடிவாதம் சார்" என்று முடிப்பார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. நாம் கேட்பது அந்தக் குதிரைக்குப் புரியாமல் இருக்கலாம். புரிந்தும் செய்ய முடியாதபடி அதற்கு எங்கேனும் வலிக்கலாம். நான் பார்த்த குதிரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால்தான் திரும்ப மறுத்தன.

கோவைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பார்த்த பெட்டைக் குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு ஏறத்தாழ நான்கு வயது. குஜராத்தின் கத்தியவாரி இனக் கலப்பு என்பதால் காது நுனிகள் உட்புறம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். வாங்கியவர் சவாரி பழகத் தொடங்கி ஆறே மாதம் ஆன இளைஞர். அவர் வலக்கையில் பிடித்திருந்த கடிவாள வாரை இழுத்தபோது குதிரையின் கழுத்து வில்லாக வளைந்து, மூக்கு அவருடைய முழங்காலுக்கே வந்துவிட்டது. கால்களோ இடப்பக்கம் இருந்த வாசலை நோக்கி நடந்துகொண்டே இருந்தன. அவர் இன்னும் பலமாக இழுத்தார். கழுத்து இன்னும் வளைந்தது. வாசல் இன்னும் நெருங்கியது.

இங்கே நடந்தது என்ன? குதிரையின் கழுத்து நன்றாக வளையக்கூடியது, நடு உடலோ மிகக் குறைவாகவே வளைவது. நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பும் குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் தசைகளால் மட்டுமே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க, தோள் எதிர்ப்பக்கமாகச் சரிந்து நழுவிப் போவது அதற்கு மிக எளிது. திரும்பும் பக்கத்து வாரை, அதாவது உட்புற வாரை மட்டும் இழுப்பவர் தலையைத் திருப்புகிறாரே தவிர, குதிரையைத் திருப்புவதில்லை. எதிர்ப்பக்கத்து வெளிப்புற வார் கழுத்தோடு ஒட்டி நின்று அந்த வளைவுக்கு ஓர் எல்லை வைக்க வேண்டும். சவாரி செய்பவரின் வெளிப்புறக் கால், சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் சேண வாருக்குச் சற்றுப் பின்னால் மெல்ல அழுந்தி, நழுவும் உடலைத் தடுக்க வேண்டும். புதியவருக்கு இதை நம்புவது கடினம். வலப்பக்கம் திரும்ப இடக்கை எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஆனால் சவாரிப் பாடத்தைத் தொடங்கும் முன் வாயைப் பார்த்தாக வேண்டும். குதிரைக்கு இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை முன்பற்கள் இணை இணையாக விழுந்து முளைக்கும். இதே காலத்தில் கடைவாய்ப் பால்பற்கள் சிலவும் மாறும். ஈறு நொந்திருக்கும் அந்த வயதில்தான் பெரும்பாலும் முதன்முதலாகக் கடிவாளமும் மாட்டுகிறோம். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே உள்ள வெற்று ஈறில்தான் கடிவாள இரும்பு கிடக்கும். சில குதிரைகளுக்கு முதல் கடைவாய்ப்பல்லின் முன்னால் சிறு பல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இரும்போ, இரும்பு அழுத்தும் கன்னச் சதையோ அதில் பட்டால் ஒவ்வோர் இழுப்பும் வலிதான். அந்தப் பெட்டையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது வலப்பக்கத்தில் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய அந்தப் பல் தெரிந்தது. கால்நடை மருத்துவர் அதை எடுத்தார். புண் ஆறும்வரை கடிவாளமே மாட்டவில்லை. ஒரு மாதமாகச் சாட்டையடி வாங்கியது இந்தச் சிறு பல்லுக்காகத்தான் என்று எண்ணியபோது எனக்கு மனம் கனத்துப் போயிற்று. சேணம் குறுகலாக இருந்து தோளைக் கவ்வினாலும் இதே எதிர்ப்பு வரும் என்பதால், அதன் அடியிலும் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புண் ஆறிய நாட்களில் தரையில் நின்றபடியே கற்பித்தோம். குதிரையின் தோளருகே நின்று, தலைக்கயிற்றை விரலளவு வலப்பக்கம் கேட்பது. மூக்கு இம்மியளவு அந்தப் பக்கம் வந்த கணத்தில் கயிற்றை முழுவதும் தளர்த்துவது. அழுத்தம் எந்தக் கணத்தில் நீங்குகிறதோ, அந்தக் கணத்தில் தான் செய்துகொண்டிருந்ததையே குதிரை சரியான விடையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு நொடி தாமதித்து விட்டால் அது வேறொன்றைக் கற்றுவிடும். ஒரு பக்கம் கற்றதை மறுபக்கத்துக்குத் தனியாக, முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்தும்போது வட்டம் இருபது மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சிறு வட்டம் இளம் மூட்டுகளுக்குச் சுமை.

பிறகு இளைஞரை ஏற்றினோம். பழகிய ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக் குதிரையின் கூடவே நடந்தார். மேலே இருப்பவர் முதலில் கேட்பார். குதிரை தடுமாறினால் மட்டுமே கீழே நடப்பவர் கயிற்றால் வழிகாட்டுவார். இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் குதிரை கீழே இருப்பவர் சொல்லை மட்டும் கேட்கப் பழகிவிடும். சில நாட்களில் கயிறு தளர்ந்தது. பிறகு கீழே நடந்தவர் இரண்டடி தள்ளி நடந்தார். பிறகு மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டார். எல்லாமே நடையில்தான், இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல்.

இளைஞரின் பார்வை குதிரையின் காதுகளிலேயே இருந்தது; அது புதியவர் எல்லோருக்கும் உள்ள பழக்கம். போக வேண்டிய இடத்தில் ஒரு தென்னை மரத்தைக் காட்டி, அதைப் பார்க்கச் சொன்னேன். தலை திரும்பினால் தோளும் இடுப்பும் தாமாகத் திரும்புகின்றன. அந்தச் சிறு மாற்றத்தைச் சேணத்தின் வழியே குதிரை உணர்ந்துவிடுகிறது. கையைத் தன் வயிற்றை நோக்கிப் பின்னால் இழுக்காமல், கதவைத் திறப்பது போலப் பக்கவாட்டில் விலக்கச் சொன்னேன். பின்னால் இழுப்பது குதிரைக்கு நிற்கச் சொல்வது; பக்கவாட்டில் விலக்குவது அங்கே வா என்று வழி காட்டுவது. இரண்டையும் ஒரே கையால் ஒரே நேரத்தில் சொன்னால் எந்தக் குதிரைக்குத்தான் புரியும்?

பந்தயத் திடல்களில் ஓடி ஓய்ந்து சவாரிப் பள்ளிகளுக்கு வரும் குதிரைகளின் கதை சற்று வேறு. வார்கள் இறுகினால் அதில் சாய்ந்து வேகமெடுக்க அவை பழக்கப்பட்டிருக்கும். பயந்து இறுக்கிப் பிடிக்கும் புதியவரை அவற்றின் மேல் ஏற்றுவது தவறு.

குதிரை வாசலை நோக்கி ஓடத் தொடங்கினால், ஒரு வாரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வேகத்தில் நிலை தவறிக் குதிரையே விழக்கூடும். இழுத்துத் தளர்த்தி, இழுத்துத் தளர்த்திப் பெரிய வட்டத்துக்குள் கொண்டுவந்து வட்டத்தைச் சிறிதாக்குங்கள். தாடைவார் பூட்டிய தலைக்கவசம் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

அந்தப் பெட்டை திரும்பக் கற்றுக்கொள்ள ஏழு வாரங்கள் ஆயின. வாசல் மீதான அதன் ஏக்கம் மட்டும் நீண்ட நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் வாசலருகே இறங்கி, அங்கேயே சேணத்தைக் கழற்றித் தண்ணீர் காட்டி வந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் முதல் மைதானத்தின் எதிர்க்கோடியில், அந்தத் தென்னை மரத்தடியில் இறங்கி, சேண வாரை அங்கே தளர்த்தி, ஒரு பிடி கொள்ளைக் கையில் வைத்து ஊட்டச் சொன்னேன். பத்து நாளில் அது தென்னை மரத்தின் பக்கமாக இழுக்கத் தொடங்கியது. பிறகு இறங்கும் இடத்தை நாள்தோறும் மாற்றினோம்.

வணக்கம்.