அறுபதுக்கு ஆறு என்ற மயக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2022ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று, லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற ரக்பி லீக் உலகக் கோப்பை அரையிறுதியில், போட்டியை நடத்திய நாடான இங்கிலாந்து 26–27 என்ற கணக்கில் சமோவாவிடம் தோற்றது. சரியாக நான்கு வாரங்களுக்கு முன்பு, இதே தொடரின் தொடக்க ஆட்டத்தில், இதே சமோவாவை நியூகாஸில் நகரில் 60–6 என்று இங்கிலாந்து நொறுக்கித் தள்ளியிருந்தது. இவ்விரண்டு கணக்குகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். தோல்விக்கான காரணத்தை எல்லோரும் கடைசி நிமிடங்களில் தேடுகிறார்கள். நானோ அது அந்த 60–6 வெற்றியிலேயே தொடங்கிவிட்டது என்று கருதுகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களும் அவையில் இருப்பீர்கள் என்பதால், அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்கு பதின்மூன்று பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் பிடித்து மடக்குவதை டாக்கிள் என்கிறோம். கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதாகத் தோன்றாது. ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணியிடம் போய்விடும் என்பதால், ஆறாவது டாக்கிளுக்கு முன்பே பந்தை உதைத்து அனுப்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பது ட்ரை. அதற்கு நான்கு புள்ளிகள். அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் கன்வர்ஷனுக்கு இரண்டு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும்பும் கணத்தில் உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்புவது டிராப் கோல். அதற்கு ஒரே ஒரு புள்ளி. எண்பது நிமிட ஆட்டத்தில் யாரும் பெரிதாக மதிக்காத அந்த ஒற்றைப் புள்ளிதான் எங்கள் உலகக் கோப்பையை முடித்து வைத்தது.

இந்த விளையாட்டு இங்கிலாந்தின் வடபகுதிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் வசிப்பது ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அருகில். 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று, அந்நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடநாட்டுக் கழகங்கள் ரக்பி ஆட்சி அமைப்பிலிருந்து பிரிந்து செல்ல முடிவெடுத்தன. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்த ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்தக் கூலியை ஈடுசெய்யக் கழகங்கள் விரும்பின, தெற்கிலிருந்த கனவான்கள் மறுத்தார்கள். பிரிவின் வேர் அதுதான்; ரக்பி லீக் பிறந்தது அந்தப் பிரிவிலிருந்தே. விகன், செயின்ட் ஹெலன்ஸ், வாரிங்டன், லீட்ஸ், வேக்ஃபீல்டு, ஹல் என்று ஒரு நெடுஞ்சாலையின் இருபுறமும் அடங்கிவிடும் ஊர்களின் ஆட்டம் இது. அந்த அரையிறுதியை லண்டனில் வைத்ததற்கு, தலைநகரத்து மக்களுக்கும் இந்த ஆட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையே காரணம். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். வடக்கிலிருந்து ரயில் ஏறிப் போனவர்களில் நானும் ஒருவன்.

உண்மையில் அந்தத் தொடர் 2021இலேயே நடந்திருக்க வேண்டும். கொரோனாவைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விலகிக்கொண்டதால் ஓராண்டு தள்ளிப் போயிற்று. காத்திருந்த ஓராண்டில் எதிர்பார்ப்பு குறையவில்லை, கூடியது. அதனால்தான், நியூகாஸிலில் எங்கள் ஆட்டக்காரர்கள் அறுபது புள்ளிகளைக் குவித்தபோது, இம்முறை கோப்பை வீட்டைவிட்டுப் போகாது என்று பலரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த அறுபது புள்ளிகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அக்டோபர் 2 அன்று சிட்னியில் நடைபெற்ற ஆஸ்திரேலிய லீக்கின் இறுதிப் போட்டியில் பென்ரித் அணி பாரமட்டாவை வென்றது. ஜெரோம் லூவாய், பிரையன் டோ, ஸ்டீபன் கிரைட்டன் ஆகியோர் பென்ரித்தில் ஆடியவர்கள். சமோவாவின் தலைவர் ஜூனியர் பாலோ பாரமட்டாவில் ஆடியவர். இவர்கள் உலகின் மறுகோடியிலிருந்து வந்து சேர்ந்து, பயணக் களைப்பு தீருமுன்பே, பதின்மூன்றாம் நாள் நியூகாஸிலில் களமிறங்கினார்கள். இவர்களில் பலர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கு ஆடியவர்கள். ஜோஷ் பாபாலி போல ஆஸ்திரேலியாவின் தேசியச் சட்டையையே முன்பு அணிந்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஆடும் வாய்ப்பை விட்டு, ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்களே வாழும் தங்கள் முன்னோரின் தீவுக்கு ஆட வந்தவர்கள் அவர்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரும் முதல்தர ஆட்டக்காரர். ஆனால் ஓர் அணியாகச் சேர்ந்து பயிற்சி பெற அவர்களுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. அன்று நாங்கள் வென்றது இன்னும் உருவாகி முடியாத ஓர் அணியை. நாங்கள் அதை அப்படி எண்ணவில்லை. சமோவாவின் அளவே அவ்வளவுதான் என்று எண்ணிவிட்டோம்.

அடுத்து வந்த ஆட்டங்கள் அந்த எண்ணத்தை மேலும் கெட்டிப்படுத்தின. பிரான்சை 42–18, முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த கிரீசை 94–4, கால்இறுதியில் பப்புவா நியூ கினியை 46–6 என்று இங்கிலாந்து வென்றது. நான்கு ஆட்டங்களில் எடுத்தது 242 புள்ளிகள், கொடுத்தது 34. இந்த எண்களைப் பார்த்து மகிழாத ரசிகர் இருக்க முடியாது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டு புள்ளி பின்தங்கி நின்று, மூச்சு வாங்க, தவறே செய்யாமல் ஆட வேண்டிய நிலை அந்த நான்கு ஆட்டங்களில் ஒன்றில்கூட எங்கள் அணிக்கு வாய்க்கவில்லை. சமோவாவுக்கு வாய்த்தது. வாரிங்டனில் நடந்த கால்இறுதியில் அண்டைத் தீவான டோங்காவை அவர்கள் 20–18 என்று மயிரிழையில் வென்றே லண்டனுக்கு வந்தார்கள். அரையிறுதிக்கு முந்தைய வாரத்தில் எந்த அணி எத்தகைய சோதனையைச் சந்தித்தது என்பதை மட்டும் பார்த்திருந்தால், பந்தயம் கட்டியவர்களும் சற்று யோசித்திருப்பார்கள்.

ஆட்டத்திற்கு வருவோம். தொடக்கத்திற்கு முன் சமோவா வீரர்கள் சிவா டாவ் என்ற தங்கள் போர்நடனத்தை ஆடியபோதே, நியூகாஸிலில் பார்த்த அணி இதுவன்று என்பது தெரிந்தது. முதல் ட்ரை அவர்களுடையது; டிம் லஃபாய் எடுத்தார். இடைவேளையில் 10–6 என்று அவர்களே முன்னிலையில் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் முன்னிலை கைமாறிக்கொண்டே இருந்தது. எலியட் வைட்ஹெட், ஜான் பேட்மன், ஹெர்பி ஃபார்ன்வொர்த் ஆகியோர் எங்களுக்காக ட்ரை எடுத்தார்கள். டாமி மேக்கின்சன் தவறாமல் உதைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பந்து கையிலிருந்து நழுவுவதும், தேவையற்ற இடத்தில் அவசரப்படுவதும் தொடர்ந்தன. நெருக்கடியைப் பார்த்திராத அணியின் கைகள் அன்று நெருக்கடியில் எப்படி நடந்துகொண்டன என்பதை அரங்கில் இருந்த எல்லோரும் கண்டோம்.

20–20 என்று சமநிலையில் இருந்தபோது, எங்கள் தரப்பினர் ஒருவர் பக்கவாட்டில் எறிந்த பந்தை கிரைட்டன் இடைமறித்துப் பறித்துக்கொண்டு ஓடி ட்ரை எடுத்தார். எறிந்தவரின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது ரசிகர்களுக்குச் சுலபமான ஆறுதல், அவ்வளவே. தாக்கி ஆடு என்று சொல்லி அனுப்பப்பட்ட ஓர் ஆட்டக்காரர், தாக்கி ஆடும்போது செய்த பிழை அது. கணக்கு 26–20 ஆயிற்று. பிறகு, நேரம் கரைந்துகொண்டிருந்த கட்டத்தில் ஃபார்ன்வொர்த் தம் இரண்டாவது ட்ரையை எடுக்க, மேக்கின்சன் அதற்கான இரண்டு புள்ளிகளையும் சேர்க்க, 26–26. என் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத முதியவர் என் தோளைப் பிடித்து உலுக்கியது நினைவிருக்கிறது. அவர் முகம் நினைவில்லை.

கூடுதல் நேரத்தில் கோல்டன் பாயிண்ட் விதி நடப்புக்கு வந்தது. எந்த அணி முதலில் ஒரு புள்ளி எடுக்கிறதோ அந்த அணிக்கே வெற்றி. அத்துடன் ஆட்டம் முடிந்தது. இருபத்திரண்டு வயதே ஆன கிரைட்டன் டிராப் கோல் உதைத்தார். பந்து கம்பங்களுக்கு இடையே சென்றது. சமோவா இறுதிக்குப் போனது. அந்தத் தீவு நாடு உலகக் கோப்பையின் இறுதியை எட்டியது அதுவே முதல் முறை.

அந்த விதி அநியாயம் என்று திரும்பி வந்த ரயிலில் பலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் வரலாறே அதற்கு இடம் தரவில்லை. இந்நாடு இக்கோப்பையைக் கடைசியாக வென்றது 1972இல், கிரேட் பிரிட்டன் என்ற பெயரில், பிரான்சின் லியோன் நகரில். அந்த இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 10–10 என்று சமநிலையில்தான் முடிந்தது. முந்தைய சுற்றில் நல்ல நிலையில் இருந்ததனால் கோப்பை எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. கிளைவ் சலிவன் தம் பக்கத்திலிருந்து எதிரணியின் எல்லை வரை ஓடி எடுத்த ட்ரையை இன்றும் வடக்கில் பேசுகிறோம். ஹல் நகருக்குள் நுழையும் பெருஞ்சாலைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. எதிரணியைவிட ஒரு புள்ளிகூட அதிகம் எடுக்காமல் கோப்பையைப் பெற்றவர்கள், ஒரு புள்ளி அதிகம் எடுத்தவர்களைக் குறைசொல்ல முடியாது.

2013ஐயும் இதனோடு சேர்த்துப் புலம்புவோர் உண்டு. அதுவும் சொந்த மண், அதுவும் அரையிறுதி; வெம்ப்ளியில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, 18–14 என்று முன்னிலையில் இருந்த இங்கிலாந்திடமிருந்து நியூசிலாந்தின் ஷான் ஜான்சன் கடைசி நிமிடத்தில் ட்ரையும் எடுத்து, கன்வர்ஷனையும் தாமே உதைத்து, 20–18 என்று ஆட்டத்தைப் பறித்துச் சென்றார். வலி அதில்தான் கூடுதல் என்று சொல்வேன். ஆனால் அன்று இங்கிலாந்து தன்னால் இயன்ற மட்டும் ஆடித் தோற்றது. எமிரேட்ஸில் அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

பழியை ஆட்டக்காரர்கள் மீதோ பயிற்சியாளர் ஷான் வேன் மீதோ முழுவதுமாகச் சுமத்தவும் மனம் ஒப்பவில்லை. கிரிக்கெட்டைப் போல ரக்பி லீக்கிலும் இவ்விரு நாடுகளின் தொடருக்கு ஆஷஸ் என்றே பெயர்; 2020இல் ஆஸ்திரேலியா இங்கு வந்து ஆடுவதாக இருந்த அந்தத் தொடர் கொரோனாவால் கைவிடப்பட்டது. 2021இல் இங்கிலாந்து சந்தித்த ஒரே நாடு பிரான்சு. 2022 ஜூனில் பல நாட்டு ஆட்டக்காரர்களைத் திரட்டி அமைத்த ஓர் அணியோடு ஓர் ஆட்டம். உலகக் கோப்பைக்கு முந்தைய வாரம் ஃபிஜியோடு ஓர் ஆட்டம், அதிலும் 50–0. ஆக, வேன் கையில் இருந்த அணி ஒரு வலிய நாட்டை எதிர்கொள்ளாமலேயே சொந்த மண்ணின் அரையிறுதிக்கு வந்து நின்றது. கழக ஆட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் நாள் ஒதுக்கிவிட்டு, நாட்டின் அணிக்கு மிச்சமிருக்கும் நாள்களைக் கொடுக்கும் நிர்வாகம் அந்த விலையைக் கொடுத்தது. அதன் பங்கை நாங்களும் நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தோம்.

அதன் பிறகு நடந்தவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சக்கர நாற்காலி ரக்பி லீக்கில் இங்கிலாந்து பிரான்சை 28–24 என்று வென்று, நவம்பர் 18 அன்று மான்செஸ்டரில் உலகக் கோப்பையை ஏந்தியது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி அதுதான். மறுநாள் ஓல்டு டிராஃபோர்டில் சமோவா 10–30 என்று ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அடுத்த உலகக் கோப்பையை 2025இல் நடத்துவதாக இருந்த பிரான்சு பின்வாங்கியது. அது 2026இல் ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. எங்கள் ஊரில் மீண்டும் எப்போது என்பதை யாரும் சொல்லவில்லை.

நிர்வாகம் ஓரளவு பாடம் கற்றது என்றே சொல்ல வேண்டும். 2023இல் டோங்காவையும் 2024இல் சமோவாவையும் அழைத்து வந்து தொடர்கள் ஆடினார்கள். இரண்டையும் இங்கிலாந்து வென்றது. 2025இல் ஆஸ்திரேலியா வந்து மூன்று டெஸ்டுகளையும் வென்று சென்றபோது, வலிய எதிரிகளோடு ஆடியும் என்ன பயன் என்று என்னைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது அந்தத் தொடரில் முதல் ஆட்டத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்றேன். 2022இல் அது தெரிய வந்தபோது கூடுதல் நேரம் நடந்துகொண்டிருந்தது.

இத்தனை நேரம் பொறுமையுடன் கேட்ட அனைவருக்கும் நன்றி.