போன், கணினி, நடுவில் அழிகிற படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போனில் இடம் தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பு வந்ததும் பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ‘படமெல்லாம்தான் கூகுள் போட்டோஸில் ஏறியாச்சே’ என்று அந்தச் செயலியையே திறந்து, பழைய படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துக் கணினியில் அதே கணக்கைத் திறந்தால் அங்கேயும் படம் இருக்காது. செயலியில் பழுது எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் ஒத்திசைவு. இங்கே சேர்ந்தால் அங்கேயும் சேரும், இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். ஏறிய படத்தை நீக்கினால் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதே செயலியில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் அழுத்த வேண்டும்.

1996இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவிக்கு ஒரு தாங்கி இருந்தது, அதில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் கணினியோடு ஒத்திசையும். இப்போது யாரும் அமுக்காமலே பின்னணியில் நடந்துவிடுகிறது. வசதிதான்; ஆனால் எந்தப் பக்கம் மூலம், எந்தப் பக்கம் நகல் என்று யோசிக்கிற அந்த ஒரு நொடியும் கையைவிட்டுப் போய்விட்டது.

படங்கள் பத்திரமாகக் கணினியில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது பழைய கேபிள் வழியைத்தான். ஆண்ட்ராய்டு போனைக் கணினியில் சொருகியதும் அது சார்ஜ் மட்டும்தான் ஆகும். பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, யூஎஸ்பி என்ற அறிவிப்பைத் தொட்டு, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டைத் திறக்காவிட்டால் கணினியில் காலி ஃபோல்டர்தான் தெரியும். அறிவிப்பே வரவில்லையா, கேபிளை மாற்றுங்கள். சாதாரண யூஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தரவுக்கு இரண்டு கம்பி. மலிவான சார்ஜிங் கேபிள் சிலவற்றில் தரவுக் கம்பியே இருக்காது.

இணைந்த பிறகும் போன் பென்டிரைவ் மாதிரி நடந்துகொள்ளாது. எம்டிபி என்ற முறையில் கணினி ஒவ்வொரு கோப்பாகப் போனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் படம் உள்ள கேமரா ஃபோல்டரைத் திறந்தால் பட்டியல் வரவே நிமிடக்கணக்கில் ஆகிறது. ஐநூறு ஐநூறாக எடுங்கள். ‘கட்’ செய்யாதீர்கள், ‘காப்பி’ மட்டும். இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டு, நாலைந்து வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு போனில் நீக்கலாம். கணினியிலிருந்து போனில் உள்ளதை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். டைப்-சி துளை இருந்தாலும் பல போன்களில் உள்ளே ஓடுவது யூஎஸ்பி 2.0தான். நொடிக்கு 30 மெகாபைட் கிடைத்தாலே நல்ல வேகம். 64 ஜிபிக்கு அரைமணிக்கு மேல் ஆகும். புளூடூத்தை நம்பி உட்காராதீர்கள், 1 ஜிபிக்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

வாட்ஸ்அப் படங்கள் கேமரா ஃபோல்டரில் இருக்காது. ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் உள்ள ஃபோல்டர் என்று போக வேண்டும். அந்தப் படங்களுக்குள் எடுத்த தேதி பதிந்திருக்காது; கோப்பின் பெயரில் உள்ள எட்டு இலக்கம்தான் ஒரே தேதி, அதுவும் வந்து சேர்ந்த தேதி. பெயரை மாற்றினால் அதுவும் போச்சு.

ஐபோனை விண்டோஸ் கணினியில் சொருகினால் பாதியில் ‘கருவி இயங்கவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்பது வழக்கம். போன் தன் ஹெச்இஐசி வகைப் படங்களை, பொதுவாகப் புழங்கும் ஜேபெக் வகையாக மாற்றிக்கொண்டே அனுப்ப முயல்வதுதான் காரணம். அமைப்புகளில் போட்டோஸ் பகுதியின் அடியில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ என்ற இடச் சிக்கனம் இயங்கினால் மூலப்படம் போனிலேயே இல்லாமல் போகலாம், அப்போது அது கேபிளில் வராது.

கேபிளும் வேண்டாம், கிளவுடும் வேண்டாம் என்பவர்களுக்கு சிங்க்திங் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வீட்டு வைஃபையில் போனும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். போன் பக்கம் ‘சென்ட் ஒன்லி’, கணினி பக்கம் ‘ரிசீவ் ஒன்லி’ என்று வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். இல்லை. போனில் அழித்த செய்தியும் கணினிக்குப் போகும், அங்கேயும் அழியும். கணினி பக்கத்தில் அந்த ஃபோல்டருக்கு ‘ஃபைல் வெர்ஷனிங்’ போட்டு, ‘டிராஷ் கேன்’ வகையைத் தேர்ந்தெடுத்து, நாள் கணக்கில் 0 என்று கொடுங்கள். அழிந்தவை தனி ஃபோல்டரில் தங்கிவிடும். போனில் பேட்டரிச் சிக்கன அமைப்பிலிருந்து செயலிக்கு விலக்குக் கொடுக்காவிட்டால், திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் அதை நிறுத்திவிடும்.

தொடர்பு எண்களைப் பொறுத்தவரை, சிம்மிலோ போனிலோ சேமித்த பெயர் கணினிக்கு வராது. கூகுள் கணக்கில் சேமித்ததுதான் வரும். புதுப் பெயர் சேர்க்கும்போது மேலே எந்தக் கணக்கு என்று காட்டும், பாருங்கள். பட்டியலை, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் அப்படியே திறந்தால் இரண்டு கேடு நடக்கும். தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்தாகலாம். +91 என்று தொடங்கும் எண்ணை எக்செல் பெருந்தொகையாக எண்ணிச் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். டேட்டா பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாக, எழுத்துக் குறியீடாக யூடிஎஃப்-8 தேர்ந்து, எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று வைத்துத் திறக்க வேண்டும். கெட்ட பட்டியலை ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்கள் கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் திறந்து, அமைப்புகளில் ‘அண்டூ சேஞ்சஸ்’ போனால் 30 நாள்வரை முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அதற்கு முன்னால், இடையில் சேர்த்த புது எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவையும் சேர்ந்தே போய்விடும்.

வணக்கம்.