நாலாவது மாத்திரைக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். "மூணு மாத்திரை போடறேன், பிரஷர் இறங்கவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்து மூன்று வகை மருந்தை முழு அளவில், தவறாமல் சாப்பிட்டும் 140/90-க்குக் கீழே வராவிட்டால்தான் அதை மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்போம். நாலாவது மாத்திரை எழுதுமுன் சந்தேகப்பட வேண்டியது அளந்த விதத்தை.

கையில் சுற்றுகிற பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்கு. தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 35 வந்தால் அந்தப் பட்டை உங்களுக்குச் சின்னது. சின்னப் பட்டை இல்லாத பிரஷரைக் காட்டும். கை தொங்கினாலும் அப்படித்தான்: இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே போனால் ஏறக்குறைய 8 புள்ளி கூடும். கையை மேஜைமேல் வையுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சும்மா என்றால் பேச்சும் கூடாது, டிவி சீரியலும் கூடாது! காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, நடுவே ஒரு நிமிடம் விட்டு. ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். அது 135/85-க்குக் கீழே இருந்தால் உங்களுக்கு ஏறுவது ஆஸ்பத்திரியில் மட்டும்தான். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

அளவு சரி, அப்படியும் இறங்கவில்லையா? மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இருமலுக்கென்று நாள்கணக்கில் மெல்லும் அதிமதுரமும் அப்படியே. மூலிகைதானே என்று அதை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு தேக்கரண்டி. குழம்பில் குறைத்துவிட்டு அப்பளத்திலும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் வாங்கிக்கொண்டால் குறைத்தது வீணாகிவிடும். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டதென்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்; தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பிரஷரை ஏற்றும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்பில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். நாலாவது மாத்திரையாகப் பெரும்பாலும் எழுதுவது அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன். அது பொட்டாசியத்தைக் கூட்டலாம் என்பதால், தொடங்கிய சில வாரங்களுக்குள் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சோதிப்பது கட்டாயம். வணக்கம்.